ஒன்றரை அடி இடம்

பிப்ரவரி 11, செவ்வாய்

மகளின் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று காலையில் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"கோஆர்டினேட்டர்னு எழுது."

"அப்படின்னா என்னம்மா?"

அதற்குள் வேன் வந்துவிட்டது.

பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். கட்டடம் ஒன்றுதான். ஆனால் அதை வரைகிறவர்கள் ஐந்து கூட்டம். சுவரும் கதவும் ஆர்க்கிடெக்டுடையது. தூணும் பீமும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருடையது (எங்கள் எல்லோருக்கும் அவர் தூண் சார்). ஏசிக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை முப்பரிமாண மாடலாக வரைந்து வாரா வாரம் எனக்கு அனுப்புகிறார்கள். நான் ஐந்தையும் ஒன்றாகப் பொருத்தி ஒரே கட்டடமாக்கிப் பார்க்கிறேன். ஏதாவது குழாய் பீமுக்குள் புகுந்திருந்தால் திரையில் சிவப்புப் புள்ளி விழும். அதற்கு மோதல் என்று பெயர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யார் நகர்வது என்று பேசி முடித்துவிட்டு, புள்ளியை மூட வேண்டும். அது என் கையில்.

இத்தனையும் அந்தக் கட்டத்தில் அடங்காது.

மாலையில் பார்த்தால் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்: "சண்டை தீர்ப்பவர்."

பிப்ரவரி 18, செவ்வாய்

கூட்டம் மூன்று மணி நேரம். மருத்துவமனைக்கு நான்கு தளங்கள் இருந்தாலும் பேச்சு முழுக்க மூன்றாம் தளத்தையே சுற்றியது. அங்கேதான் டயாலிசிஸ் வார்டு. பதினெட்டுப் படுக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவுநீர்க் குழாய். பதினெட்டும் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, தளத்துக்கு அடியில் பீம்களில் விடும் ஓட்டைகள் வழியாக நுழைந்து, கிழக்கு மூலை வரை போய்க் கீழே இறங்க வேண்டும்.

ஏசிக்காரர், குளிர்காற்று போகும் தன் பெரிய டக்டைப் பற்றி, வழக்கம்போல ஆரம்பித்தார். "என் டக்ட் ஆனை மாதிரி. ஆனை நகராது, நீங்கதான் ஒதுங்கணும்." சிரித்தோம். பிறகு ஆனைதான் நான்கு அங்குலம் ஒதுங்கியது.

ஒதுங்காதவர் குழாய் இன்ஜினியர். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். அந்த அறையில் ஆர்க்கிடெக்டை விட்டால் நாங்கள் இரண்டே பெண்கள். எதைக் கேட்டாலும் "சரிவு வேணும்" என்பார். அதனால் சரிவு மேடம் என்று பெயராகிவிட்டது. வைத்தது மின்சாரக்காரர். பரப்பியது நான்.

"அந்தக் குழாயைக் கொஞ்சம் மேல தூக்கலாமே?" என்றேன்.

"தூக்கினா தண்ணி நிக்கும்."

"சரி, கொஞ்சம் கீழ?"

"கீழ போனா பீம்ல அடிக்கம்பியை வெட்டணும். தூண் சார் விடமாட்டார்."

"அப்ப என்னதாங்க பண்றது?"

"மாடல்லயே குறிப்பு எழுதியிருக்கேனே. படிச்சீங்களா?"

எல்லோர் முன்னாலும் கேட்டார். படித்தேன் என்றேன். மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்ததுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

படித்தேன். வார்டின் நடுவில் இருக்கும் ஸ்டோர் ரூமில் ஒரு மூலையைக் கேட்கிறார். "இங்கே ஒரு குழாய் இறங்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் வேண்டும்." இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஆர்க்கிடெக்டிடம் கேட்டேன். "ஏற்கெனவே அலமாரிக்கே இடம் போதலைன்னு ஆஸ்பத்திரிக்காரங்க கத்தறாங்க. இதுல மூலையை வேற குடுத்தா?" என்றார்.

அதுவும் நியாயம்தான். பதில் எழுதினேன்: "இது மோதல் அல்ல, வடிவமைப்புக் கோரிக்கை. மூடப்படுகிறது." ஒரே தட்டு. புள்ளி பச்சையானது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

88.

மேனேஜர் சுவரில் என் வரைபடத்தைப் பெரிதாகப் போட்டார். எந்த வாரத்தில் எத்தனை மோதல் மிச்சம் என்று காட்டும் சிவப்புக் கோடு. 212-இலிருந்து இறங்கி இறங்கி வந்து, இப்போது படுத்துக் கிடக்கிறது.

"இதுல பிளம்பிங் மட்டும் எவ்வளவு?"

"அறுபத்து மூணு சார்."

அவர் திரும்பிச் சரிவு மேடத்தைப் பார்த்தார். சரிவு மேடம் தன் நோட்டில் என்னவோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

அதே ஒன்றரை அடியை மறுபடி எழுதியிருக்கிறார். மறுபடி மூடினேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வார அறிக்கை அனுப்பினேன். "மற்ற குழுக்கள் வேகமாகத் தீர்வு காண்கின்றன. குழாய்க் குழு ஒத்துழைக்கவில்லை." எழுதிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன். பொய் இல்லை. பதினொரு பேருக்குப் போனது. டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 7, வெள்ளி

குழாய் வேலையை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் காலையில் சொன்னார், சாதாரணமாக, நாற்காலி மாற்றியதைப் போல.

பதினொரு மணிக்கு சரிவு மேடம் வந்தார். தன் வரைபடச் சுருள்களை எடுத்துக்கொண்டு போக. லிஃப்டுக்கு நானும் அவரும் நின்றிருந்தோம். "ஆல் த பெஸ்ட் மேடம்" என்றேன். என்ன பேச்சு அது, பரீட்சைக்கா போகிறார்?

அவர் லிஃப்டின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது தடவையும் எழுதியிருக்கேன். மூடறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணுங்க" என்றார்.

கதவு திறந்தது. சுருள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அடுத்ததில் வருகிறேன் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

மூடினேன். ஃபோன் பண்ணவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பூஜ்யம்.

புதுக் குழாய்க்காரர் கெட்டிக்காரர். பத்தே நாளில் எல்லாவற்றையும் புதிதாக வரைந்து அனுப்பினார். குழாய்கள் நூல் பிடித்தாற்போல அவ்வளவு ஒழுங்கு. ஐந்து மாடலையும் ஒன்றாக வைத்து ஓட்டினேன். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. நம்பாமல் இரண்டாவது முறை ஓட்டினேன்.

கூட்டத்தில் மேனேஜர் கை தட்டினார். ஏசிக்காரர் எங்கிருந்தோ பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்து பிரித்தார். "சரிவு போச்சு, சந்தோஷம் வந்துச்சு" என்றார் மின்சாரக்காரர். நானும் சிரித்தேன்.

மார்ச் 19, புதன்

மகளுக்குக் காய்ச்சல். வீட்டிலிருந்தே வேலை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. மூன்றாம் தளம் மே 14-ஆம் தேதி என்று குறித்திருக்கிறார்கள்.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். நிறுவனத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் சேர்த்து ஜூனிலிருந்து ஒரு தலைமை ஒருங்கிணைப்பாளரைப் போடப்போகிறார்களாம். "உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். பூஜ்யத்தை வேற யாரு காட்டியிருக்காங்க?"

வீட்டில் சொன்னதும் கணவர் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினார். "தலைமைன்னா மூஞ்சியில கொஞ்சம் கண்டிப்பு வேணும்." கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவரைக் கட்டிக்கொண்டால் எல்லாக் கொண்டாட்டமும் மூக்கில்தான் முடிகிறது.

மே 9, வெள்ளி

மூன்றாம் தளத்துக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். புதன்கிழமை கான்கிரீட். அதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவோம் என்று போனேன். ஆறு வாரமாகத் திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் உற்சாகமாக இருந்தார். பீம் கம்பிகளுக்கு நடுவில் குழாய்க்காக விட்டிருக்கும் ஓட்டைகளைக் காட்டினார். துண்டுத் துண்டாகப் பைப்பை வெட்டிச் செருகி, கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"இந்தத் தடவை வேலை ரொம்ப சுலபம் மேடம். பழைய வரைபடத்துல ஒவ்வொரு பீமுக்கும் ஒரு உயரம், தலையே சுத்தும். இப்ப எல்லா ஓட்டையும் ஒரே மட்டம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே நூல் கட்டினோம், வரிசையா வச்சுட்டோம். அரை நாள் வேலை."

"நல்லதுங்க" என்றேன்.

நூல் இன்னும் இருந்தது. மஞ்சள் நூல். ஆறு பீம்களையும் தாண்டி, ஒரு கோடி முதல் மறுகோடி வரை, கொஞ்சமும் சாயாமல்.

வரும் வழியில் பேருந்து ஒரு சிக்னலில் நின்றபோது கொஞ்சமும் சாயாத அந்த நூல் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

மே 10, சனி

காலையில் மகள் நீச்சலுக்குப் போனதும் மடிக்கணினியைத் திறந்தேன்.

குழாயின் மேற்குக் கோடியின் உயரத்தைப் பார்த்தேன். கிழக்குக் கோடியின் உயரத்தைப் பார்த்தேன். ஒரே எண். எண்பத்து நான்கு அடி நீளத்துக்குத் துளிகூடச் சரிவில்லை.

தண்ணீர் தானாக ஓட வேண்டிய குழாய் இது. எண்பது அடிக்கு ஓர் அடியாவது இறங்க வேண்டும். இதில் கழிவு நிற்கும். நின்று அடைக்கும். பதினெட்டுப் படுக்கையின் கழிவும் அப்படியே. கீழே இரண்டாம் தளத்தில் நோயாளிகள் உட்காரும் கூடம்.

மோதல் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. குழாயைச் சாய்த்து வரைந்தால் கடைசி இரண்டு பீம்களில் ஓட்டை கீழே இறங்கிவிடும், சிவப்பு விழும். சாய்க்காமல் வரைந்தால் எதிலும் இடிக்காது. குழாய் எதிலாவது இடிக்கிறதா என்று மட்டும்தான் மென்பொருள் பார்க்கும். தண்ணீர் ஓடுமா என்று அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய மாடலைத் தேடித் திறந்தேன். சரிவு மேடம் வரைந்தது. குழாய் சாய்ந்து சாய்ந்து போகிறது, முட்டுகிற இடத்தையெல்லாம் அப்படியே முட்டவிட்டு. அறுபத்து மூன்று சிவப்புப் புள்ளி. அத்தனையும் உண்மை.

மூடிய குறிப்புகளையும் திறந்தேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. மூன்று தடவை. நடுவில் ஒரு குழாய் இறங்கினால் இரண்டு பக்கமும் நாற்பத்திரண்டு அடிதான், ஆறு அங்குலச் சரிவு போதும், எந்த அடிக்கம்பியையும் தொட வேண்டாம் என்று மூன்றாவதில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். அதை நான் முழுசாகப் படிக்கவே இல்லை. முதல் வரியைப் பார்த்துட்டு, திரும்பவும் அதேதானான்னு —

மூடியவர் என்ற இடத்தில் என் பெயர். மூணு தடவை. என்ன பண்ணி வச்சிருக்கேன்.

மே 11, ஞாயிறு

கான்கிரீட் ஊற்றிவிட்டால் பீமில் புதிதாக ஓட்டை போட முடியாது. பீமுக்குக் கீழே குழாயைத் தொங்கவிடவும் வழியில்லை, அங்கே ஏசிக்காரரின் ஆனை படுத்திருக்கிறது. ஆக, புதன்கிழமையை நிறுத்தியாக வேண்டும். அதில் சந்தேகமில்லை.

மேனேஜருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். "கள ஆய்வின்போது ஒரு சிக்கல் என் கவனத்துக்கு வந்தது. மாற்று யோசனையாக ஸ்டோர் ரூமில் ஒன்றரை அடி இடம்..." நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்தால் ஏதோ நானே கண்டுபிடித்து, நானே தீர்த்துவைத்தது போல இருந்தது. பழைய குறிப்புகளை யார் போய்த் திறந்து பார்க்கப்போகிறார்கள்? யாரும் மாட்டார்கள்.

அனுப்பாமல் எழுந்து துணி மடித்தேன். கணவரும் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். போர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். போர்வை நான்காக மடிந்த பிறகு கேட்டார்:

"அந்தம்மாவுக்கு வேலை போயிடுச்சா?"

தெரியாது என்றேன். இரண்டு மாதமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஃபோன் நம்பர் இருக்கா?"

இருந்தது.

மெயிலை அழித்துவிட்டேன்.

மே 12, திங்கள்

மூன்று ஃபோன்.

முதலில் புதுக் குழாய்க்காரர். "சரிவெல்லாம் சைட்ல பாத்துப்பாங்க மேடம். மாடல்ல மட்டமாத்தான் வரையறது. உங்களுக்கு மோதல் வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க?" குரலில் ஒரு வன்மமும் இல்லை. சொன்னது நான்தான்.

அடுத்து மேனேஜர். "பதினஞ்சு லாரி கான்கிரீட் சொல்லியாச்சு. ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா என்ன?"

"ரெண்டு வாரம் முன்னாடி எனக்கே தெரியாது சார். ஆனா பிப்ரவரியிலயே எழுதிக் குடுத்திருக்காங்க. நான்தான் மூடினேன்."

"நாளைக்குக் கூட்டத்துல பேசுவோம்" என்று வைத்துவிட்டார். புதன்கிழமையை நிறுத்தச் சொல்லிவிட்டதாகப் பிறகு ஒரு செய்தி வந்தது. இரண்டே சொல்.

மூன்றாவது ஃபோனுக்கு முன் வராந்தாவில் மூன்று தடவை நடந்தேன். எடுத்ததும் யாரென்று சொன்னேன். மூன்றாம் தளம் என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை, அவரே கேட்டார்.

"ஊத்திட்டாங்களா?"

"இல்லை. புதன்கிழமை. நிறுத்திட்டோம்."

மூச்சு விடுவது கேட்டது. பிறகு, எதிரில் வரைபடம் விரித்து வைத்திருப்பவரைப் போலச் சொன்னார்: "ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னாடி மூலை. பீம்லேர்ந்து ஒன்பது அங்குலம் தள்ளி. கீழ ரெண்டு தளத்துலயும் அதே இடத்துல ஸ்டோர்தான் இருக்கு, அறுத்து இறக்கலாம். அங்க கம்பி நெருக்கமா இருக்காது, தூண் சார்கிட்ட அப்பவே கேட்டு வச்சிருந்தேன். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"வேற ஏதாவது?"

நிறைய இருந்தது. "இல்லைங்க" என்றேன். வைத்துவிட்டார்.

மே 13, செவ்வாய்

சிவப்புக் கோட்டு வரைபடத்தைப் போடாமல் மூன்று குறிப்புகளையும் திரையில் போட்டேன். தேதியோடு. மூடியவர் பெயரோடு.

"இது அவங்க யோசனை. மூணு தடவையும் மூடினது நான். படிக்காம மூடினேன்."

மின்சாரக்காரர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். தூண் சார்தான் முதலில் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "ஆமா. என்கிட்ட வந்து கேட்டாங்க. நல்ல இடம்னு சொன்னேன். அப்புறம் யாரும் பேசலை, வேண்டாம்னு விட்டுட்டாங்கபோலன்னு நினைச்சுட்டேன்."

ஆர்க்கிடெக்ட் தன் படத்தைத் திறந்து, அலமாரியைச் சுவரோடு திருப்பிவைத்துப் பார்த்தார். பொருந்தியது. ஒரு தட்டுகூடக் குறையவில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பிப்ரவரியில் செய்திருந்தாலும் அதே இரண்டு நிமிடம்தான்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. ஒன்பது நாள் தாமதம், கீழ் இரண்டு தளத்திலும் கான்கிரீட்டை அறுக்க வேண்டும் என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மே 14, புதன்

ஊற்றவில்லை. நாள் முழுக்க நல்ல வெயில். கான்கிரீட்டுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று ஃபோர்மேன் என் காதுபட இரண்டு முறை சொன்னார்.

மே 23, வெள்ளி

ஊற்றினார்கள். காலை ஆறரை மணிக்கே போய் நின்றேன். ஒவ்வொரு பீமிலும் ஓட்டை ஒவ்வொரு உயரம். ஃபோர்மேன் நூலைச் சாய்த்துக் கட்டியிருந்தார். "தலை சுத்துது மேடம்" என்றார், குற்றம் சொல்லும் குரலில் அல்ல.

மே 31, சனி

சரிவு மேடத்தைப் பார்த்தேன்.

வரட்டுமா என்று கேட்டதற்கு ஒரு முகவரி மட்டும் அனுப்பினார். மூன்று மாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடியில் குளியலறையை இடித்துக் கட்டுகிறார்கள். டைல்ஸ் ஆள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் டைல்ஸ் பெட்டிகள்மேல் உட்கார்ந்தோம். வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் மேடத்தின் ஆள் என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று என்னைக் கேட்டார்.

மேடத்தின் நிறுவனத்தில் மொத்தம் எட்டுப் பேராம். மருத்துவமனை வேலை போனதும் மூன்று பேரை அனுப்பியிருக்கிறார்கள். அதில் இவர் ஒருவர். பதினான்கு வருடம் அங்கே இருந்தவர். இப்போது தனியாக, வீட்டுக் குளியலறைகள்.

"நான்தான் காரணம்" என்றேன்.

"நீங்க மட்டும் இல்லை. ஆனா நீங்கதான் எழுதினீங்க."

"மன்னிச்சுடுங்கன்னு சொல்லத்தான் —"

"மன்னிப்பு உங்களுக்கும் எனக்கும் நடுவுல. அதை அப்புறம் பாக்கலாம்." பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிமென்ட்டை நகத்தால் சுரண்டினார். "அந்த வரி பதினோரு பேருக்குப் போச்சு. ஒத்துழைக்கலைன்னு. வேலைக்குன்னு எங்க போனாலும் ஒருத்தராவது அதைப் படிச்சவரா இருக்கார். நான் எவ்வளவு ஒத்துழைச்சேன்னு உங்களுக்குத் தெரியும். அந்த வரியை எடுங்க."

அனுப்பிய அறிக்கையை எடுக்க முடியாது, அது பதிவில் போய்விட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். அதுவும் ஒரு மூடல்தானே என்று தோன்றியது. "பாக்கறேன். பாத்துட்டு ஃபோன் பண்றேன்" என்றேன்.

டைல்ஸ் ஆள் வந்துவிட்டார். நான் கிளம்பும்போது மேடம் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வடிகாலுக்கு எத்தனை அங்குலம் என்று அந்த ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணூறு பேர் வந்துபோகும் கட்டடத்துக்குச் சொன்ன அதே குரல்.

ஜூன் 3, செவ்வாய்

திருத்தம் என்று ஒரு பக்கம் எழுதினேன். "பிப்ரவரி 28 அறிக்கையில் குழாய்க் குழு ஒத்துழைக்கவில்லை என்று எழுதியது தவறு. அந்த அறுபத்து மூன்று மோதல்களும் குழாயின் சரிவைச் சரியாக வரைந்ததால் தெரியவந்தவை. தீர்வையும் அவர்களே மூன்று முறை எழுத்தில் கொடுத்தார்கள். படிக்காமல் மூடியது நான்." கையெழுத்து.

மேனேஜர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "வேலைதான் முடிஞ்சுதே. இது இப்ப தேவையா? ஜூன் மாசம் வேற."

ஜூன் மாசம் என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அது போன பதினோரு பேருக்கும் இதுவும் போகணும் சார்."

மதியம் அனுப்பினேன். பன்னிரண்டாவதாக மேடத்துக்கும். பிறகு, சொன்னபடி ஃபோன் பண்ணினேன். "வந்துச்சு. படிச்சேன்" என்றார். பிறகு, "நல்லா எழுதறீங்க, அதுதான் அப்பவும் பிரச்சினை" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தலைமைப் பதவி வேறு ஒருவருக்கு. நல்லவர்தான். வாழ்த்தினேன். கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மகள்: "அப்ப நீ இன்னும் சண்டை தீர்ப்பவர்தானே?"

ஆமாம் என்றேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. எனக்கு இன்றைக்குப் போதவில்லை, பரவாயில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு விதி கேட்டு வாங்கியிருக்கிறேன். குறிப்பைத் திறந்தவர்தான் மூட வேண்டும். என் கணக்கில் இருந்த மூடும் பொத்தானை எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது நான் செய்யக்கூடியது, குறிப்பு எழுதியவருக்கு ஃபோன் பண்ணுவது. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது ஃபோன். தொண்டை கட்டிக்கொள்கிறது.

எண்ணிக்கை 140. சுவரில் வரைபடம் போடுவதை மேனேஜர் நிறுத்திவிட்டார். கோபத்தில் என்று முதலில் நினைத்தேன். இன்று அவரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார், நான்காம் தள ஜன்னலைப் பற்றி. அவருக்கும் ஃபோன் பண்ணினேன். அடுத்த அறையிலிருந்துதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேடம் அழைத்தார். ஜூலையில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாராம், எனக்குத் தெரியாது. சேரப் போன இடத்தில் முதலாளி மேசையில் என் திருத்தம் இருந்ததாம். பதினொரு பேரில் அவரும் ஒருவர். அதை ஏதோ தபால் வந்த செய்தியைப் போலச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு லைப்ரரி கட்டறாங்க. குழாய் வேலை எங்களோடது. மாடலை ஒருங்கிணைக்க ஆள் வேணும்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"ஏன்?" என்று வாயில் வந்துவிட்டது.

"உங்ககூட சண்டை போட்டா முடிவு வரும். லேட்டா வரும், ஆனா வரும்." கொஞ்சம் நிறுத்தி, "மாடல் இன்னும் யாரும் ஆரம்பிக்கலை. அதுக்கு முன்னாடி மனையைப் பாத்துடலாம்னு நினைக்கறேன். சனிக்கிழமை வர முடியுமா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். கணவர், "என்கிட்ட என்ன கேக்கறே? முகத்துலயே தெரியுதே" என்றார்.

அக்டோபர் 18, சனி

காலையிலேயே மழை. வேலி போட்ட வெறும் மனை. புல், பழைய செங்கல், ஒரு மூலையில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. நான் குடை கொண்டுபோயிருந்தேன், அவர் கொண்டுவரவில்லை. ஒரே குடைக்குள் நின்றோம். என் வலது தோளும் அவருடைய இடது தோளும் நனைந்தன.

மழை விட்டது. அவர் கிளம்பவில்லை, நானும் கேட்கவில்லை. தேங்கிய தண்ணீர் மெதுவாக நகர ஆரம்பித்தது. முதலில் சாலைப் பக்கம் போவது போல இருந்தது. பிறகு திரும்பி, செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு, வடகிழக்குக்குப் போனது.

"அங்க ஆர்க்கிடெக்ட் என்ன போட்டிருக்கார்?"

"படிக்கிற அறை."

"சண்டைதான்" என்றார்.

நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நான் எழுதும்வரை அவர் என் குடையை வாங்கி வைத்துக்கொண்டார்.